செண்பகம் அக்கா மாற்றச் சொன்ன மூன்று

செண்பகம் அக்கா போய்விட்டார் என்று அவர் கணவர் காலையில் போனில் சொன்னபோது, நான் அவர் திரட்டிய வாசகியர் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். ஒரு கடிதத்தைப் பற்றிய உண்மை தெரிந்தவர்கள் இனி மூன்றே பேர்.

நம் பத்திரிகை எங்கோ ஒரு தேசத்தில், தையல் மாதிரியும் சமையல் குறிப்புமாக நான்கு பக்கத்தில் தொடங்கியது. இன்று பல நாடுகளில், பல மொழிகளில் வருகிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண்களின் கடிதங்களைத் திரட்டி அதற்கு அனுப்பியவர் அக்கா. "தையலுக்கா வாங்குனாளுங்க? கடுதாசிக்குத்தான். நம்மள மாதிரி இன்னொருத்தியும் கீறான்னு தெரிஞ்சாதான் தெம்பு" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, அந்த வீட்டுக்கே உரிய ஏதோ ஒன்று, இம்மூன்றையும் மாற்றாமல் எந்தக் கடிதமும் போகக்கூடாது. மாற்றியதை எழுதியவளிடம் படித்துக் காட்டவும் வேண்டும்.

காவாந்தண்டலத்திலிருந்து வந்த கடிதத்தில் நான் இரண்டைத்தான் மாற்றினேன். "அவர் வெளியே போகும்போது என் செருப்பை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறார்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பாவி நான், அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. படித்துக் காட்டவும் இல்லை. அவ்வளவு தூரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் அவள் நாத்தனார் பார்த்தாள். பக்கத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, "இன்னாக்கா இப்டி பண்ணிட்ட? வேல முடிஞ்சி வந்து பேசிக்கறேன்னு சொல்லிகீறாரு. பயமா கீது" என்றாள். நான் அக்காவிடம் ஓடினேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவன் வந்து இறங்கியதும் அந்த வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழ, "அத எழுதுனது நாந்தான். எங்க வூட்டு சமாச்சாரம். உன் தங்கச்சி இன்னாத்துக்கு அது நீதான்னு நெனச்சிக்கினா?" என்றார். அதற்குப் பிறகு, ஊர் கண்டுகொள்ளுமே என்று, செருப்பைப் பூட்டவும் அவனுக்குத் தைரியம் இல்லை.

பழி அக்காவின் கணவர் தலையில் விழுந்தது. அக்கா கிளம்பினால் குடையைத் தேடி எடுத்துக் கொடுக்கிற மனிதர் அவர். சாவு வீட்டில் ஓர் அம்மாள் என் காதருகே, "செருப்ப பூட்டி வெச்ச ஆளு, இன்னமா அழுவுறாரு பாரு" என்றாள். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

காரியத்துக்குக் கடிதம் எழுதிய அந்தப் பெண்ணே வந்தாள். இரண்டு பிள்ளைகளோடு இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். "எழுதிடுக்கா. மாமா பேரு கெட்டது போதும்" என்றாள்.

அக்காவின் கணவரிடமும் கேட்டேன். "பஸ்ஸுல இருந்து போன் பண்ணி என்னைக் கேட்டுட்டுதாம்மா அவ சொன்னா. எழுது. ஆனா அந்த மூணையும் மாத்திட்டு எழுது" என்றார்.

தோழிகளே, இந்த இதழும் எங்கெங்கோ போகும். யார் கையில் விழுமோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்தக் கறாரை மட்டும்தான். அந்த ஊர் காவாந்தண்டலம் இல்லை. பிள்ளைகள் இரண்டு என்றதும் நிஜமில்லை. அவன் பூட்டி வைத்தது செருப்பும் இல்லை. இந்த முறை அவளிடம் படித்துக் காட்டிவிட்டேன்.