இறங்கிக்கொண்டே வந்த எண்

எங்கள் ஆய்வகத்தில் அவனுக்கு ரப்பர் என்றுதான் பெயர். கண்ணுக்கே தெரியாத கரிக்குழாய்களை, நானோ குழாய்கள் என்பார்களே, அவற்றை ரப்பர் பாலில் கலந்து துணிபோல் மடங்கும் விரிப்பு செய்வான். அதன்மேல் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று திரை சொல்லும். அவன் சட்டையில் கரி இல்லாத நாளே கிடையாது.

"கல்யாணத்துக்காவது வெள்ளைச் சட்டை போடுடா" என்று சீண்டுவேன்.

"பொண்ணு கிடைக்கட்டும்ணே, சட்டையை அப்புறம் பார்த்துக்கலாம்."

தாயில்லாத அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அவள் பக்கவாதத்தில் படுத்ததும், படுக்கைப்புண் வரக்கூடாதே என்று முதல் விரிப்பை அவள் மெத்தையில் போட்டான். ஒரே இடத்தில் பாரம் நின்றால் திரை சிவக்கும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அவள் கணவர், வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தார். ஓடிவந்து அவளைத் திருப்பிப் படுக்கவைப்பார். புண்ணே வரவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மொத்த எடை காட்டும் எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. இந்த விரிப்புகளுக்கு அது பிறவிக்குணம். பாரம் கிடக்கக் கிடக்க ரப்பர் தளர்ந்து எண் நழுவும். நழுவியதைக் கூட்டிக் காட்டும்படி கணக்கை மாற்றினான். மறுபடி இறங்கியது, மறுபடி கூட்டினான். புது விரிப்பு போட்டால் அது இன்னும் கீழேயே தொடங்கியது. கலவைதான் சரியில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டான்.

"எனக்கென்னமோ இப்ப அவளைத் திருப்புறது லேசா இருக்குடா" என்றார் மாமா.

"உங்களுக்குக் கை பழகிடுச்சு மாமா."

தினமும் பார்க்கிற முகத்தில் இளைப்பு எங்கே தெரிகிறது? அவளுக்கு முகம் வேறு வீங்கியே இருந்தது.

கடைசியில் விரிப்பைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, கூட்டல் கணக்கை நிறுத்திவிட்டு எடைக்கற்களை வைத்துப் பார்த்தான். வைத்த எடை அப்படியே திரையில் நின்றது. மறுநாளும் இம்மி நகரவில்லை. "சாதிச்சுட்டப்பா!" என்று ஆய்வகத் தலைவர் முதுகில் தட்டினார். எல்லோரும் கைதட்டினோம். அவன் பேயறைந்தவன்போல் நின்றான். பிறகு, அக்காவுக்குக் கடைசியாகக் காட்டிய எண்ணிலிருந்து தான் கூட்டி வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தான். மிஞ்சியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை.

"மூக்குக் குழாய் வழியா குடுக்கிற சாப்பாட்டை உடம்பு ஏத்துக்கல. முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். ஆறுதல் சொன்னாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட்டு ஆகப்போவது என்ன?

விரிப்பை மீண்டும் அக்காவின் மெத்தையில் போட்டோம். திரையில் அதே சின்ன எண் எரிந்தது. அவன் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க ஒருதடவை சோதிச்சுப் பாருங்க. எங்கயாவது கோளாறு இருக்கும்."

ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை.