காய்ச்சல் என்று எழுதாத வக்கீல்

வக்கீல்கள் அறையில் பத்தொன்பது நாற்காலிகள். வக்கீல்கள் பதினான்கு பேர். ஆனாலும் அந்தப் பதினான்காவது வக்கீலான அவர் உள்ளே நுழைந்தால் உட்கார இடம் இருக்காது. காலியாக இருந்த நாற்காலிகளில் எல்லாம் சட்டென்று கறுப்புக் கோட்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். “அங்க கோட்டுக்குக்கூட கால் வலிக்குது போல” என்று முதல் வருஷம் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் வருஷம் சிரிக்கவில்லை. நூலகத்துக்குப் போய் நின்றபடியே படிக்கப் பழகிக்கொண்டார்.

அவருடைய ஆட்கள் அந்த மாகாணத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள். அந்த நீதிமன்றக் கட்டடத்துக்குள் அதுவரை அவர்கள் வந்ததெல்லாம் கூண்டில் ஏறுவதற்கு, இல்லாவிட்டால் கூட்டிப் பெருக்குவதற்கு. கோட்டு மாட்டிக்கொண்டு வந்த முதல் ஆள் இவர்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர் என்பது எப்படியோ தெரிந்துபோய், ‘சூளை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே.

“சூளை வந்தாச்சு. ஜன்னலைத் திறங்கப்பா, புகை போகட்டும்!”

இதைச் சொல்பவர் எப்போதும் ஒருவர்தான். வெள்ளிச்சட்டக் கண்ணாடி போட்ட மூத்த வக்கீல். அவர் சொன்னால் மற்ற பன்னிரண்டு பேரும் சிரித்தாக வேண்டும். சிரித்தார்கள்.

நான்காம் வருஷம் ஒரு தையல்காரியின் வழக்கு இவரிடம் வந்தது. புருஷன் செத்த பிறகு அவளை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்த்தான் கொழுந்தன். வழக்கு முடியும்வரை அவளை வெளியேற்றக் கூடாது என்று இவர் தடையும் வாங்கியிருந்தார். கொழுந்தனுக்குக் கண்ணாடிக்காரர்தான் வக்கீல்.

விசாரணை நாளன்று பதினொன்றேகால் மணிக்கு, வராண்டாவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த நூலகத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு புத்தகம் எடுத்தார் சூளை. கண் புத்தகத்தில், காது நீதிமன்ற வாசலில். வழக்குகளைக் கூப்பிடுவது டவாலியின் வேலை. மற்ற வழக்குகளுக்குக் கூரை அதிரக் கத்துகிறவன், இந்த வழக்கை மட்டும் தன் மீசைக்குச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்கே கேட்கவில்லை. இவர் உள்ளே போனபோது, வக்கீல் வரவில்லை என்று வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. தடையும் அதோடு போயிற்று.

“கூப்பிட்டேனே சார்!” என்றான் டவாலி. “காதுல செங்கல் தூசி அடைச்சிருக்கும்.”

மறுநாளே கொழுந்தன் அவள் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். “வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன் அண்ணி. அப்புறம் மெஷினும் நீங்களும் தெருவுலதான்.”

தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். ஏன் வரவில்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊர் வக்கீல்கள் எல்லோரும் எழுதும் காரணம் ஒன்றுதான்: காய்ச்சல். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்பார், நீதிபதி தலையசைப்பார். அது அவர்களுக்குள் ஒரு மரியாதை. அந்த மரியாதையை இவருக்கு யாரும் காட்டியதில்லை.

அன்று மாலை படிக்கட்டில் கண்ணாடிக்காரர் இவர் தோளில் கை வைத்தார்.

“என்ன தம்பி, முகம் வாடியிருக்கு? நம்ம தொழில்ல இதெல்லாம் சகஜம். காய்ச்சல்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

தம்பி! வீடு வந்து சேரும்வரை சூளைக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் மனைவியைக் கூப்பிட்டார். அவருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவள் அவள்தான்.

“எழுதிக்கோ. அன்றைய தினம் கடுமையான காய்ச்சல் காரணமாக...”

அவள் விரல்கள் நின்றன. “யாருக்குங்க காய்ச்சல்?”

“எல்லாரும் எழுதுறதுதான். பெரியவரே சொல்லிட்டார்.”

“உங்களைப் புகைன்னு சொல்ற பெரியவரா? திடீர்னு என்னவாம் இவ்வளவு பாசம்?” அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அன்னைக்கு நீங்க லைப்ரரில புத்தகம் எடுத்தேன்னீங்க. அங்க கையெழுத்துப் போடாம கொடுத்துடுவாங்களா?”

போட்டிருந்தார். நேரத்தோடு போட்ட கையெழுத்து. காய்ச்சல் என்று சத்தியம் செய்த வாயோடு அந்தப் பதிவேட்டின் முன்னால் நின்றால், தையல்காரியின் வீடு போவது இருக்கட்டும், இவருடைய கோட்டும் போகும். இவருக்குப் பின்னால் வர நினைக்கும் ஒவ்வொருவனுக்கும் இதையே எடுத்துக் காட்டுவார்கள்: பொய்ச் சத்தியம் செய்த கூட்டம்.

“தாளை மாத்து” என்றார். ஒரு தோளணைப்புக்கு இவ்வளவு ஏங்கிக் கிடந்தோமா என்பதுதான் அவரை அதிகம் சுட்டது.

வியாழக்கிழமை காலையில் மனுவின் நகலைக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் மனுவிலும் இருக்கும் காய்ச்சல்தானே. ஆனால் அவர் கக்கத்தில் பச்சை அட்டை போட்ட நூலகப் பதிவேடு இருந்தது. வழக்கு வந்ததும் எழுந்துவிட்டார்.

“ஐயா, ஒரு பொய்யை இந்த மன்றத்தின் முன்...”

“எந்தப் பொய்?” நீதிபதி தாளைப் புரட்டினார். “நூலகத்தில் இருந்தேன், கூப்பிட்டது எனக்கும் கேட்கவில்லை, வாசலில் இருந்த கட்சிக்காரருக்கும் கேட்கவில்லைன்னு எழுதியிருக்கார்.”

பதிவேடு மெல்ல முதுகுப் பக்கம் போயிற்று.

“அந்தப் பதிவேட்டைத்தான் ஐயா நானும் கேக்கறேன்” என்றார் சூளை. “என் தரப்புச் சாட்சியை என் சீனியரே சிரமப்பட்டுத் தூக்கிட்டு வந்திருக்கார்.”

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள். பதிவேடு மேஜைக்குப் போனது. பதினொன்றேகால், கையெழுத்து, நூலகத்துக்கும் மன்ற வாசலுக்கும் பதினைந்து அடி தூரம். நீதிபதிக்கு வேறு வழியில்லை. வேம்பைக் கடித்த முகத்தோடு உத்தரவைச் சொன்னார்.

“மனு அனுமதிக்கப்படுது. தடை மறுபடி அமலுக்கு வரும். ஆனா ஊழியர் மேல குறை எழுதற வழக்கம் இங்க கிடையாது. காய்ச்சல்னு எழுதியிருந்தா எல்லாருக்கும் நல்லாயிருந்திருக்கும்.”

தையல்காரி தன் வீட்டிலேயே தங்கினாள். சூளையோடு பேசிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த பதினெட்டு வருஷமும் நீதிமன்ற வாசல் நிலையில் தோளைச் சாய்த்து நின்றபடிதான் அவர் வக்கீல் தொழில் பார்த்தார்.

அதன் பிறகு அதே மன்றத்துக்கு அவரை நீதிபதியாகப் போட்டார்கள். அவர் ஆட்களில் அதிலும் அவர்தான் முதல். முதல் நாள் உள்ளே வந்தபோது வக்கீல் வரிசைகள் துடைத்துவிட்டாற்போல் காலி. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு எதிரே இருந்த நூலகத்தில், கையெழுத்துப் போட்டுப் புத்தகம் எடுத்து, உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் வராத வழக்குகளை வரிசையாகத் தள்ளுபடி செய்வார், ஊரே திட்டும் என்பது அவர்கள் கணக்கு.

நரைத்த மீசையோடு அதே டவாலி. முதல் வழக்கை மெதுவாகச் சொன்னான்.

“அது உன் மீசைக்குக் கேட்டிருக்கும். இப்ப வராண்டா கடைசி வரைக்கும் கேக்கற மாதிரி மூணு தடவை கூப்பிடு” என்றார் நீதிபதி. “ஒவ்வொரு வழக்குக்கும்.”

டவாலி தொண்டை கிழியக் கத்தினான். வராண்டாவிலிருந்து கட்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள். வக்கீல் இல்லாமல், தாங்களே, தட்டுத் தடுமாறிப் பேசினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு வழக்கையும் தள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு வரிசைகள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. கடைசியில் வந்தவர் கண்ணாடிக்காரர். கூன் விழுந்திருந்தது.

“ஐயா மன்னிக்கணும். காலையில திடீர்னு காய்ச்சல்.”

“உங்க கட்சிக்காரர் பேசிட்டார். நல்லாவே பேசினார்” என்றார் நீதிபதி. “காய்ச்சலைப் பத்தி மட்டும் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்துடுங்க. அப்படியே, சிரமம் பாக்காம, அந்தப் பச்சைப் பதிவேட்டையும் எடுத்துட்டு வாங்க.”

கண்ணாடிக்காரர் நகரவில்லை. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.