எட்டாவது தட்டு

மனைவி இறந்த பிறகு தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வகுப்பு முடிவில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால், பெரம்பலூரில் ஒரு கிரேக்கச் சமையல் வகுப்பில் சேர்ந்தேன்.

துபாய் ஓட்டலில் சமைத்த லப்பைக்குடிக்காடு ஊர்க்கார பாய் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நறுக்கிய கத்திரிக்காயில் உப்புத் தடவச் சொன்னார். நான் மட்டும், வீட்டில் மனைவி செய்வதுபோல, தண்ணீரில் போட்டுவிட்டேன்.

சாப்பிடும் முன் எண்ணினேன். பாயோடு சேர்த்து ஏழு பேர், தட்டு எட்டு.

"ஒரு தட்டு அதிகமா இருக்கு பாய்" என்றேன்.

"உங்க வூட்டம்மாவுக்குத்தான் சார். பின்னால நின்னு, தண்ணியில போடுங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்களே. எங்க, போயிட்டாங்களா?"

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அந்தத் தட்டை என் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். பயமாக இருந்தாலும் துணை துணைதான் என்று அன்று தோன்றியது.