காட்டில் நின்றவர்

மாமா மனிதர்களைப் படம் எடுக்கமாட்டார். லண்டனில் எங்கள் ஆட்களில் கையில் நல்ல கமரா வைத்திருந்தவர்கள் எல்லாம் சனி ஞாயிறுகளில் கலியாண வீட்டிலும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டிலும் படம் எடுத்து நன்றாகத்தான் இருந்தார்கள். மாமா எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளற வரும் நரியை எடுத்தார். வேலியில் ஓடும் அணிலை எடுத்தார். பெற்றோல் ஸ்டேஷனில் நாள் முழுதும் நின்று உழைத்த காசெல்லாம் லென்ஸாக மாறி எங்கள் வீட்டின் ஆகச் சின்ன அறையில் அடுக்கியிருந்தது. மாமா படுப்பதற்கு அதில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. இந்த நரிக்கு ஒரு கலியாணம் பேசி முடித்தாலாவது ஆல்பம் அடித்துக் காசு பார்க்கலாம் என்பார். மாமா சிரிப்பார். நரி எந்த வகைக்குள் சேரும், எந்த மாதத்தில் குட்டி போடும் என்று பதில் சொல்வார். அதைக் கேட்கத் தொடங்கிய யாரும் முடியும்வரை கேட்டதில்லை, என்னைத் தவிர.

எனக்கு மாமாவோடு போவதென்றால் உயிர். மாசி மாதத்துக் குளிரில், அம்மா காது மூக்கெல்லாம் மூடிக் கட்டிவிட, எப்பிங் காட்டுக்குப் போவோம். மற்றவர்கள் கோடைக்குக் காத்திருப்பார்கள். மாமாவுக்குக் குளிர்காலத்தின் கடைசிதான் வேண்டும். இலை எல்லாம் கொட்டிவிட்டதால் காடு திறந்து கிடக்கும், பசியில் மிருகங்கள் வெளியே வரும் என்பார். போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் அசையக் கூடாது. மூக்கைச் சொறியக் கூடாது. அம்மா கட்டித் தந்த, மீன் அடைத்த பணிசைக்கூடக் கடிக்கக் கூடாது, மிருகங்களுக்கு வாசம் போய்விடுமாம். ஒருமுறை மான் கூட்டம் ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபோது நான் சிப்ஸ் பைக்கற்றைத் திறந்துவிட்டேன். மாமா ஏசவில்லை. மான்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு, மிச்ச சிப்ஸை என்னோடு பகிர்ந்து சாப்பிட்டார்.

நான் பிரைமரிப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு வந்திருந்த காலத்தில் மாமாவுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் வந்தது. வீட்டில் அது ஒரு பிள்ளை பிறந்தது மாதிரி. அம்மா ஆர்ச்வே முருகன் கோயிலில் அதை அர்ச்சனைத் தட்டில் வைத்துக் குங்குமம் பூசிக் கொண்டுவந்தார். முதல் பயணம் எங்கே என்பதில் ஆளுக்கொரு யோசனை. கனடாவுக்குப் போய் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் அம்மா. பாரிசுக்குப் போய் நல்ல சாப்பாடு சாப்பிடட்டும் என்றார் அப்பா. மாமா பாஸ்போட்டைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, லிதுவேனியாவுக்குப் போகிறேன் என்றார். வடக்கே, ரஷ்யாப் பக்கம். அங்கே பனி உருகுமுன் காட்டில் எல்க் என்ற பெரிய மானைப் பார்க்கலாமாம். மாமா அதை மரை என்றே சொல்வார். குதிரையைவிட உயரமான மரை.

"காசு குடுத்துக் குளிரப் போறியோ?" என்று அப்பா கேட்டார். மாமா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையாக இருந்ததால் நானும் வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நான் போவதென்றால் அம்மாவும் வரவேண்டும். மூன்று பேருக்கு ரிக்கெற் போடும் நேரத்தில்தான் அப்டன் பார்க் அன்ரி, தானும் வருவதாகச் சொன்னார்.

அன்ரி எங்களுக்குச் சொந்தமில்லை, சொந்தத்துக்கு மேலே. கிரீன் ஸ்ட்ரீற்றில் ஒரு துணிக்கடையின் பின்பக்கம் சாறிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாமல் கதைப்பார், கன்னத்தைக் கிள்ளுவார், எனக்கு அளவெடுக்காமல் தைத்த பாவாடைகள் இரண்டு மூன்று வருடம் கழித்து அளவாகும். அவருக்கு விலங்குகளில் இவ்வளவு பிரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்ரியின் கணவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம். அன்ரி முதலில் லண்டன் வந்துவிட்டார். அங்கிள் பின்னால் வரவேண்டியவர். ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, மாமாவும் அவரும் ஊரிலிருந்து ஒன்றாகத்தான் வெளிக்கிட்டார்கள். மாமா மட்டும், ரஷ்யாப் பக்கம் ஒரு காட்டைக் கடந்து, வந்து சேர்ந்தார். "அவர் அங்க நிண்டிட்டார்" என்று சொன்னார். அந்த வசனம்தான்.

எங்கள் வீட்டுத் தமிழில் யாரும் எங்கும் வாழ்வதில்லை, நிற்பார்கள். பெரியப்பா கனடாவில் நிற்கிறார். சித்தி கொழும்பில் நிற்கிறார், அடுத்த மாதம் சுவிசில் போய் நிற்பார். என் சொந்தக்காரர்கள் எல்லாரும் உலகமெங்கும் கதிரை கிடைக்காமல் கால்கடுக்க நிற்கிறார்கள் என்று சின்ன வயதில் நான் கவலைப்பட்டதுண்டு. எனவே அங்கிள் அங்கே நின்றுவிட்டார் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. சிலருக்குக் கனடா பிடிக்கும், சிலருக்குக் காடு.

அன்ரிக்கு அந்தச் சொல் போதவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம், சாப்பிட்டு முடிந்ததும், எங்கே என்று வடிவாக ஞாபகம் இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்பார். மாமா அதே வசனத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவ எழும்பிவிடுவார். அங்கிளை மொஸ்கோவில் ஒரு சிறையில் கண்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியில் கண்டதாக வேறு யாரோ. அவர் இல்லை என்று ஒருவரும் சொல்லாததால் அன்ரி காத்திருந்தார். இதெல்லாம் பிற்காலத்தில் அம்மா சொல்லித் தெரிந்தது. நான் அப்போது மரையைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் பழைய சின்னக் கமரா இனி என்னுடையது என்று அவர் தந்துவிட்டார், வகுப்பில் காட்ட எனக்கு ஒரு மரைப் படம் வேண்டும்.

நாங்கள் தங்கியது காட்டோரத்தில் ஒரு மரவீடு. அதன் சொந்தக்காரர் முந்தி மரம் வெட்டியவர். இப்போது படம் எடுக்க வருகிறவர்களைக் கூட்டிப் போகிறார். அன்ரி வந்ததும் வராததுமாக, அங்கிளின் பாஸ்போட் சைஸ் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடி போட்டு மரியாதையாகப் பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையை ஆட்டினார். அங்கிள் நிற்கிற காடு இதுதான் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எல்க் வேண்டுமென்றால் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் நிறைய வரும் என்று வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லியும், மாமா வரைபடத்தில் எல்லைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். உயரத் தூண்களில் நிற்கும் ஒரு பழைய தண்ணீர்த் தாங்கி, அதற்குக் கிழக்கே மரமில்லாத ஒரு வெளி. அந்த ஊருக்கு முதன்முதலாக வருகிறவருக்குத் தண்ணீர்த் தாங்கி இருப்பது எப்படித் தெரியும் என்று அந்த மனிதருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் கேட்கவில்லை. கழுத்தில் பெரிய கமரா தொங்கும் ஆளிடம், பனிக்காட்டில் உனக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. மாமா ஏன் கலியாண வீடுகளை விட்டுவிட்டு நரிகளிடம் போனார் என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை போனோம். வெளியின் ஓரத்தில் பலகையால் அடித்த ஒரு கொட்டில். முன்பக்கத்தில் கமராவை நீட்ட ஒரு நீளத் துவாரம். அதற்குள் நாங்கள் நாலு பேரும் கூட்டிவந்தவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். வெளியே பனி இறுகி மேலே ஓடு மாதிரி ஆகியிருந்தது. அதற்கு அப்பால் பேர்ச் மரங்கள், தண்டெல்லாம் வெள்ளை. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. எனக்கு ஆனந்தமாக இருந்தது. இப்படியொரு அமைதியை எங்கள் வெம்பிளியில் நான் கண்டதில்லை. அன்ரி ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததையும் அன்றுதான் கண்டேன்.

பிறகு மரை வந்தது. மரங்களுக்குள்ளிருந்து ஒரு மரம் கழன்று வருவது போல வந்து, வெளியின் நடுவில் நின்று, எங்கள் பக்கம் தலையைத் திருப்பியது. மூக்கிலிருந்து ஆவி போனது. நான் கமராவைத் தூக்க மறந்துபோய், மாமா எடுப்பார்தானே என்று திரும்பினேன். மாமாவின் விரல் பொத்தானில் இருந்தது. கண் கமராவில் இல்லை. மரையைத் தாண்டி, அதற்குப் பின்னால், தனியாகச் சரிந்து வளர்ந்திருந்த ஒரு பேர்ச் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரை அவசரமில்லாமல் வெளியைக் கடந்து மறுபக்கத்துக் காட்டுக்குள் போனது. மாமா ஒரு படம்கூட எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நேரம் மூக்கைக்கூடச் சொறியாமல் இருந்து, கடைசியில் ஒன்றுமில்லை. வந்ததற்கு ஒன்றாவது நடக்கட்டும் என்ற கோபத்தில்தான் கேட்டேன்.

"மாமா, அங்கிள் இஞ்சதானே நிக்கிறவர்? ஏன் இன்னும் வரேல்ல?"

அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினார். மாமா கமராவை மெல்ல மடியில் வைத்தார். அன்ரி அவரைத் திரும்பிப் பார்க்காமல், துவாரத்துக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"சொல்லு தம்பி. பிள்ளையும் கேக்குது."

மாமா லென்ஸ் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார்.

"அக்கா, அவர் நிக்கேல்ல. இருந்தவர்."

பிறகு அவர் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. இருட்டில் வரிசையாக நடந்தார்களாம். அங்கிளின் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டதாம். "அந்தச் சரிஞ்ச மரத்தடியில இருந்தவர். கொஞ்சம் இருந்திட்டு வாறன், நீ நட எண்டவர். நான் கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தனான் அக்கா. எழும்பேல்ல. ஏஜென்சிக்காரன் எங்களை நிக்க விடேல்ல." இந்த மரம்தானா என்று சத்தியம் பண்ண ஏலாது என்றும் சொன்னார். தண்ணீர்த் தாங்கியும் வெளியும் சரி. மரம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். அப்போது தனக்கு இருபது வயது என்று சொல்லி நிறுத்தினார்.

அன்ரி அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"நல்லாக் குளிர்ந்ததோ அவருக்கு?"

"கடைசியில குளிரேல்ல எண்டவர், அக்கா."

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அன்ரியும் தலையை ஆட்டினார். மாமாவின் தலையில் கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எழுந்து கதவைத் திறந்தார். கூட்டிவந்தவர், வெளியே போனால் இனி மிருகம் ஒன்றும் வராது என்று சொல்லப் போனார். அம்மா அவர் கையைத் தொட்டு மறித்தார். அம்மாவின் முகம் நனைந்திருந்தது. மாமா இரண்டு கையாலும் கமராவைப் பிடித்தபடி குனிந்துகொண்டிருந்தார்.

அன்ரி வெளியில் இறங்கி நடந்தார். சாறிக்கு மேலே போட்ட நீளக் கோட்டும் புதுச் சப்பாத்துமாக, ஒவ்வொரு அடிக்கும் பனியின் மேல்தோல் உடைய, விழாமல், மெதுவாகப் போனார். சரிந்த மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெரியவர்கள் மூன்று பேர் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கென்றால் எல்லாம் தெளிந்துவிட்டது. எங்கள் பேச்சில் உட்கார்வதற்கும் இருப்பது என்றுதான் பெயர். அங்கிள் அங்கே இருந்தவர் என்று மாமாவே சொல்லிவிட்டார். நான் காலையிலிருந்து மரங்களுக்கிடையில் நிற்கிற ஒருவரைத் தேடியிருக்கிறேன், அவர் எப்படிக் கண்ணில் படுவார்? இனி அன்ரி கூப்பிடுவார், அவர் எழும்புவார். மரையைத் தவறவிட்டது போல இதையும் தவறவிடக் கூடாது. சின்னக் கமராவைத் துவாரத்தில் வைத்துக் கொஞ்சம் கீழே பதித்தேன். அன்ரியின் காலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டு, பொத்தானில் விரலை வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.