முதலில் எந்தக் கை

போன வருடம் மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் வழுக்கி விழுந்து என் முழங்கால் கெட்டுப்போனது. மருந்து போட்டு வலி குறைந்தது. ஆனால் கூடையோடு சரிவில் ஏறக் கால் சம்மதிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் மாரியம்மா ஒரு வழி காட்டினாள். பெல்மதுளையில் நோயாளிகளைப் பராமரிப்பதற்கு ஒரு பயிற்சி தொடங்கினார்கள். கடைசியில் செய்முறைப் பரீட்சையில் தேறினால் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் மலைதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், நாற்பது வயது தாண்டி, ஓப்பநாயக்கவில் பஸ் ஏறி, கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தேன்.

பாடம் நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு சிங்கள நர்ஸ். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பாதி சிங்களம், பாதி தமிழ். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் நம் பெயரைச் சொல்ல வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்றார். உடை மாற்றும்போது திரையை இழுத்து மறைக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தால்தான் படுக்கைப்புண் வராது. அமுக்கினாலும் மாறாத சிவப்புதான் அதன் ஆரம்பம். நாடி, மூச்சு, உடம்புச் சூடு, பிரஷர் ஆகிய நான்கும் உயிர்க்குறிகள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு பக்கத்து மேலேயும் பிள்ளையார் சுழி போட்டேன்.

"நீங்க டொக்டர் இல்ல. என்ன வருத்தம்னு நீங்க சொல்ல வேணாம். கண்ணு பார்த்தத வாய் சொல்லணும், அவ்வளவுதான்" என்பார் மிஸ்.

இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. என்னை அழ வைத்தது ஒரு சட்டை.

கட்டிலில் ஒரு பொம்மை கிடந்தது. அதற்கு இடது பக்கம் பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். சட்டை போடும்போது நோய்ப்பட்ட கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். எங்கள் வீட்டிலோ எதற்கும் வலதுதான் முதல். வாசலைத் தாண்டும் கால், திருநீறு வாங்கும் கை, சட்டைக்குள் நுழையும் கை எல்லாமே வலது. தீபாவளிச் சட்டையில் மஞ்சள் தடவி வலது கையை நுழைக்கும்போது சாமி பெயரைச் சொல்வோம். பொம்மைக்கும் அப்படியே போட்டேன். இடது கையை உள்ளே விட முடியாமல் இழுத்து இழுத்துப் பார்த்ததில் பொம்மையின் தோள் கழன்று, அதன் கை என் கையோடு வந்துவிட்டது.

வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவள், டவுனில் துணிக்கடைக்காரர் வீட்டு முஸ்லிம் பெண், காதுக்குள்ளே சொன்னாள்: "அக்கா, கைய எடுத்துப் பேக்ல போடுங்க. யாரும் பாக்கல."

மிஸ் சிரிக்கவில்லை. என் இடது கையை ஒரு சால்வையால் வயிற்றோடு கட்டி, அந்தப் பெண்ணிடம் எனக்குச் சட்டை போடச் சொன்னார். வலது கையை முதலில் போட்டதும் துணி முதுகுப் பக்கம் இறுகிக்கொண்டது. கட்டிய கைக்கு இடமே இல்லை. தோளில் சுரீர் என்றது.

"சாமி கும்பிடுறது சரி. ஆனா அந்தக் கை பாவம், நே, பாவம்தானே?" என்றார் மிஸ்.

மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் தன் வெற்று மார்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "சட்டையே போடாதவன்கிட்ட வந்து கேக்குறியேம்மா" என்றார்.

பிறகு இரண்டு வாரம் என் வீட்டுக்காரர்தான் நோயாளி. பின்னேரம் வேலை விட்டு வந்ததும் பிடித்துப் படுக்கப் போடுவேன்.

"இடது கையத் தொங்க விடுங்க. உங்களுக்குப் பக்கவாதம்."

"பக்கவாதக்காரனுக்கு டீ குடுக்க மாட்டாங்களா புள்ள?"

"முதல்ல சட்டை. பேசாம கெடங்க."

"பேச்சும் போயிருச்சா?"

இடது, இடது, இடது என்று சொல்லிக்கொண்டே போட்டேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டும் போட வந்தது.

பரீட்சை அந்த முதியோர் இல்லத்திலேயே நடந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் கையில் படிவத்தோடு நின்றார். மிஸ் வாசலோடு நின்றுவிட்டார், பேசக்கூடாதாம். எனக்குக் கிடைத்தவர் ஒரு சிங்கள அம்மா, முன்னாள் டீச்சர். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவினேன், திரையை இழுத்தேன், சிங்களத்தில் பெயரைச் சொல்லி, சட்டை போட்டு விடட்டுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மாரியம்மாவை நினைத்துக்கொண்டு இடது கையைப் பிடித்துச் சட்டைக்குள் விட்டேன்.

கை வழுக்கிக்கொண்டு போனது. அதுமட்டுமில்லை, உள்ளே போனதும் அந்தக் கை தானாகவே சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து விட்டது. அப்போதுதான் தலையணை மேல் அசையாமல் கிடந்த வலது கையைப் பார்த்தேன். இவருக்கு வாதம் வலது பக்கம்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "அது நல்ல கை, துவே" என்றார் மெதுவாக. துவே என்றால் மகளே.

பரீட்சகர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இழுத்தால் வலது கையையும் எப்படியாவது உள்ளே திணித்துவிடலாம். அவருக்குத் தெரியாது. ஆனால் மாரியம்மா குனிந்து எழுதிக்கொண்டிருக்கவில்லையே. சால்வையில் கட்டுண்ட என் தோளும் எனக்கு மறக்கவில்லை.

"சேர், நான் பிழையா செஞ்சிட்டேன். கழட்டிட்டு முதல்ல இருந்து போடுறேன்" என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன். வாசலில் மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டது திரை இடுக்கில் தெரிந்தது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு இடது கையைக் கழற்றினேன். பிறகு வலது கையை உள்ளங்கையில் தாங்கித் தூக்கினேன். அடியில் முழங்கை, பெரிய குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அமுக்கி எடுத்தும் சிவப்பு மாறவில்லை. சட்டையை நோகாமல் ஏற்றினேன். பொத்தானை நான் போடப் போக, அந்த அம்மா இடது கையால் என் விரலைத் தள்ளிவிட்டுத் தானே போட ஆரம்பித்தார். ஆறு பொத்தான். பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன்.

முடிந்ததும் முழங்கைச் சிவப்பைச் சொன்னேன். பரீட்சகர் வந்து பார்த்துவிட்டு இல்லத்து மேட்ரனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம், "எதுக்கு இடது கைய முதல்ல எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"வீட்ல எங்க வீட்டுக்காரருக்கு இடது பக்கம்தான் வாதம் சேர்" என்றேன்.

"அப்படியா? எவ்வளவு காலமா?"

"ரெண்டு வாரமா சேர். பின்னேரத்துல மட்டும்."

விளக்கிச் சொன்ன பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கட்டிலில் இருந்த அம்மாவும் சிரித்தார். படிவத்தில் சட்டைக்கு எதிரே பரீட்சகர் பிழை என்றுதான் எழுதினார், நான் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவின் உடம்பைக் கழுவிவிட்ட இல்லத்து ஆட்கள் யாரும் முழங்கையைச் சொல்லவில்லையாம். பின்னேரம் தேறியவர்கள் பட்டியலில் கடைசி ஆளாக என் பெயரை வாசித்தார்கள்.

எப்போதிருந்து வரலாம் என்று மேட்ரன் கேட்டார். நாளைக்கே வருகிறேன் என்றேன். யூனிபோர்ம் தைக்க வேண்டாமா என்று அளவு நாடாவை எடுத்தார். அவர் அளக்க அளக்க, நான் முழங்காலைக் கொஞ்சம் மடித்து நீட்டிப் பார்த்துக்கொண்டேன். இல்லத்தின் தரை எங்கே பார்த்தாலும் மட்டமாக இருந்தது. தாயே, நீ பெரியவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.