எதிர்வீட்டுப் பூனையும் என் தக்காளிப் பாத்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில். ஏலம் கேட்பவர்களின் கூச்சலுக்கு நடுவே, ஐஸ் பெட்டிகளுக்கும் வலைக் குவியல்களுக்கும் இடையில் குனிந்து குனிந்து, ‘ப்ஸ்... ப்ஸ்...’ என்று ஒரு பூனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பூனை என்றதும் உங்களில் சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு இதே பக்கத்தில், என் தோட்டத்தை அசுத்தம் செய்யும் பூனையைப் பற்றிப் புலம்பியிருந்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையில் ஒரு தப்பு இருக்கிறது. அச்சுப் பிழை இல்லை... என் பிழை. அதைப் படிக்காதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே கொஞ்சம் மண் இருக்கிறது. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும், அவ்வளவுதான். மகள் நிலாவுக்கு இரண்டரை வயது. கடைக் காய்கறியில் என்னென்ன மருந்து அடிக்கிறார்கள் என்று படித்துப் படித்து பயந்து, அந்த மண்ணில் அரைக்கீரையும் நாலு தக்காளிச் செடியும் போட்டேன். அம்மா களை பிடுங்க, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் விளையாட... பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு நாள் நிலா உள்ளங்கையை நீட்டி, “அம்மா, உண்டை!” என்றாள். வாங்கிப் பார்த்தேன். மண் உருண்டை இல்லை.

அவள் கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினேன். நகம் வெட்டினேன். திரும்பவும் கழுவினேன். பிறகு செய்யவே கூடாத ஒன்றைச் செய்தேன்... போனில் தேடினேன். பூனைக் கழிவு என்று ஆரம்பித்து, மதியத்துக்குள் கண், மூளை என்று போய்விட்டேன். சாயங்காலம் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“வாயில வெச்சாளா?”

“நான் பாக்கல டாக்டர்... வெச்சிருப்பாளோ?”

“கையைக் கழுவிட்டீங்க இல்ல? வயித்துப் பூச்சிக்கு மருந்து நேரத்துக்குக் குடுக்கறீங்க இல்ல? போதும்மா.”

அவருக்குப் போதும். எனக்குப் போதுமா?

மறுநாளே போர் தொடங்கியது. ஆரஞ்சுத் தோல் போட்டால் பூனை வராது என்றார்கள். போட்டேன். தோலை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் காரியத்தை முடித்திருந்தது. காபித் தூள் தூவினேன். “பூனைக்கு டிகாஷன் வேற போட்டுத் தரியா?” என்றார் என் கணவர். ரசகற்பூர உருண்டை வைத்தேன். வைத்த பத்தாவது நிமிடம், நிலா மிட்டாய் என்று நினைத்து எடுத்துவிட்டால் என்று தோன்ற, ஓடிப் போய்ப் பொறுக்கினேன். ஒன்றாவது விட்டுப் போயிருக்குமோ என்று டார்ச் அடித்துத் தேடினேன். கடைசியில், தெருவில் எல்லாரும் செய்வதுபோல் பாட்டிலில் நீலத் தண்ணீர் ஊற்றி கேட்டில் கட்டினேன். நாய்கள் மிரளும் என்பார்கள். பூனைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சரி, இந்தப் பூனை எங்கிருந்து வருகிறது? அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதற்கெடுத்தாலும் இரண்டு முறை யோசிக்கிற நான், இதில் மட்டும் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

எதிர்வீட்டு வேணி அக்கா டைலர். தனியாக இருக்கிறார். முன்னறையில் தையல் மெஷின், அதன் காலடியில் எப்போதும் ஒரு பழுப்பு வெள்ளைப் பூனை. காலையில் மீன் தலையைச் சோற்றோடு பிசைந்து படியில் வைப்பார். வாசனைக்குத் தெருப் பூனைகள் இரண்டு மூன்றும் வந்து சேர்ந்துகொள்ளும்.

அவரிடம் போய், “அக்கா, உங்க பூனை எங்க வீட்டுல வந்து...” என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தயக்கம். நான் காய்ச்சலில் படுத்தபோது இரண்டு நாள் நிலாவைப் பார்த்துக்கொண்டவர். முகத்துக்கு நேராகச் சொன்னால் பழக்கம் கெட்டுவிடாதா?

அதனால் பத்திரிகையில் எழுதினேன்!

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒருவரிடம் சொல்லத் தயங்கியதை ஊருக்கே சொல்லியிருக்கிறேன். பேர் போடவில்லையே என்று ஒரு சமாதானம் வேறு. ‘எதிர்வீட்டில் ஒரு அக்கா பூனைகளுக்கு இலவச மெஸ் நடத்துகிறார். சாப்பாடு அங்கே, டாய்லெட் இங்கே!’... இதுதான் அந்த வரி. எழுதி முடித்ததும் நானே சிரித்தேன். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அதைப் போட்டோ எடுத்துப் போட, வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாறு நாள் கழித்து, நிலாவின் பாவாடையை இறக்கித் தரச் சொல்லி வேணி அக்கா வீட்டுக்குப் போனேன். மெஷின் நின்றது.

“உக்காரு நிலாம்மா. இனிமே உனுக்குத் தொல்ல இருக்காது. பூனையக் கூடைல வெச்சி எடுத்துகினு போயி ஹார்பர்ல வுட்டுட்டு வந்துட்டேன்.”

“ஐயோ... எதுக்குக்கா?”

“பிளவுஸ் அளவு குடுக்க வர்றவளுங்க எல்லாம், ‘இன்னாக்கா, மெஸ்ஸுல இன்னிக்கு இன்னா கொழம்பு’ன்னு கேக்கறாளுங்க. எத்தினி பேருக்கு பதில் சொல்றது? அங்க மீனுக்கா பஞ்சம்? பொழச்சிக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாவாடையை வாங்கித் திருப்பிப் பார்த்து, “எத்தினி இஞ்ச் எறக்கணும்?” என்று டேப்பை எடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்குள் வரும்வரை எனக்குள் இருந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்ற நிம்மதிதான். நிலா இனி பயமில்லாமல் மண்ணில் உட்காரலாம்... அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

நாலாம் நாள் காலை தக்காளிப் பாத்தியில் மறுபடியும் ஒரு குழி. அதை மூடிய மண் மேடு. பக்கத்தில் இன்னொன்று. முன்பைவிட அதிகம்!

அன்றைக்கு எங்கள் தெருவுக்கு மீன்கார அம்மா வருகிற நாள். மீன் வாங்கினால் ஆய்ந்து கொடுப்பார். தோட்டம் போட்ட நாளிலிருந்தே குடல், தலை, செதில் எல்லாவற்றையும் நான் தனியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். மீன் அமிலம் செய்ய. தோட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். மீன் கழிவும் வெல்லமும் சம அளவு போட்டு, டப்பாவை இறுக மூடி மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால், செடிக்கு நல்ல டானிக். பழ வாசனை வரும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

எனக்கு வீடியோவை அப்படியே நம்பவும் பயம். வெல்லம் அவ்வளவு போட்டால் எறும்பு வருமே என்று பாதியாகக் குறைத்தேன். டப்பா வெடித்துவிடுமோ என்று தினமும் திறந்து பார்த்தேன். இரண்டு வாரத்திலேயே ஊற்றவும் ஆரம்பித்தேன். பழ வாசனை வரவில்லை. வந்த வாசனையை இயற்கை என்று நினைத்துக்கொண்டேன். அடியில் தங்கிய சக்கையை வீணாக்குவானேன் என்று தக்காளி வேர்ப் பக்கம் புதைத்தும் வைத்தேன்.

“இன்னாம்மா, வாரா வாரம் கொடலும் தலையுமா வாங்கறியே, பூனை வளக்கறியா?” என்றார் மீன்கார அம்மா.

“இல்லம்மா. செடிக்கு. பூனை வந்து வந்து தொல்லைதான் தாங்கல.” டப்பாவைக் காட்டினேன்.

மூடியைத் திறந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “அய்யே! இதயா ஊத்தற? காலாப்பட்டுல இருக்கற பூனைகூட மோந்துகினு பஸ் ஏறி வந்துடுமே! விருந்து வெச்சிட்டு, வந்துது வந்துதுன்னா? துன்ன எடத்துலயே மண்ணயும் கொத்திப் பூவாட்டம் வெச்சிருக்க. அதுங்களுக்கு வேற இன்னாம்மா வேணும்?”

கூடையைத் தலையில் தூக்கி வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஸ் நடத்தியது நான். அக்கா இல்லை.

வேணி அக்காவிடம் போக எனக்கு இரண்டு நாள் ஆனது. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, அழுதுவிட்டால் அதையும் அவரே சமாளிக்க வேண்டியிருக்குமே... இப்படியே இரண்டு நாள்! போனபோது அக்கா ஒரு பிளவுஸுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தார். டப்பா, சக்கை, மீன்கார அம்மா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இங்க வா” என்று பின்பக்கம் அழைத்துப் போனார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் தொட்டி. பாதிவரை மணல்.

“குட்டியா வந்ததுலேர்ந்து இதுலதான் போவும். வெளிய போனா நாய் தொரத்தும்னு அதுக்கு பயம். எம் படியத் தாண்டாது. உங்கூட்டுக்கு வந்தது எது எதுவோ... இது இல்ல.”

“அன்னிக்கே ஏங்க்கா சொல்லல?”

“நீ எங்க கேட்ட? எழுதிட்டல்ல.”

கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. நிலாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். அங்கே பூனைக்குக் குறைவா? படகு நிழலில், ஐஸ் உடைக்கிற இடத்தில், பெட்டிகளின் மேல்... எல்லாம் கொழுகொழுவென்று. ‘ப்ஸ்... ப்ஸ்...’ என்றதும் ஏழெட்டு என் காலைச் சுற்றிக்கொண்டன.

“அப்பிடிக் கூப்ட்டா எல்லாந்தான் வரும். பேரச் சொல்லிக் கூப்புடு” என்றார் அக்கா.

எனக்குப் பேர் தெரியாது. மூன்று வருடமாக எதிர்வீடு. அந்தப் பூனையை வைத்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். பேர் தெரியாது.

“பாபின்” என்றார் அக்கா. “சின்னதுல, மெஷின்ல நூல் சுத்தற பாபின உருட்டிகினே இருக்கும்.”

நாங்கள் இரண்டு பேரும் ‘பாபின், பாபின்’ என்று கூப்பிட்டுக்கொண்டு கரை நெடுக நடந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், “பூனையாம்மா? புடிச்சத எடுத்துகினு போங்க, ஏலமெல்லாம் கெடையாது!” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு படகின் அடியில் பழுப்பு வெள்ளையில் ஒன்று படுத்திருந்தது. அக்கா மண்டி போட்டுக் கைநீட்டினார். திரும்பியது. காது வேறு, முகம் வேறு. அக்கா கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. ஏலமும் முடிந்துவிட்டது. “யாராவது வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாங்கக்கா” என்றேன். என்ன தெரிந்து சொன்னேன்? சும்மா... எனக்கே ஆறுதல் வேண்டியிருந்தது. அக்காவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“கூப்ட்டா வரும் நிலாம்மா. காதுல வுழுந்தா கண்டிப்பா வந்துடும் அது.”

பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

தோட்டத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். டப்பாவைத் தூக்கிப் போட்டேன். புதைத்த சக்கையை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தினேன். பூனைக்குத் தேவை காய்ந்த, பொலபொலவென்ற, வெறும் மண். அதைக் கொடுக்காமல் இருந்தால் போதும். மண்ணை ஈரமாக வைத்து, செடிகளுக்கு நடுவே தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, கீரைப் பாத்திக்குக் கோழி வலை விரித்திருக்கிறேன். இப்போது எந்தப் பூனையும் வருவதில்லை. இதைச் செய்ய எனக்கு அரை நாள்தான் ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால்...

இந்தத் திருத்தத்தை அச்சில் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. சிரிக்க வைத்த இடத்திலேயே சொல்ல வேண்டாமா? ஆனால் மறுபடியும் அவரைப் பற்றிக் கேட்காமல் எழுதலாமா? போய்க் கேட்டேன். “எழுதிக்கோ. இந்தத் தபா குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட படிச்சிக் காட்டு” என்றார்.

நேற்று சாயங்காலம் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். மீன்கார அம்மா வந்த இடத்தில் சிரித்தார். சிக்னல் வந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடித்ததும், “ம்” என்றார். பிறகு, “நிலா பாவாட ஆயிடுச்சி, எடுத்துகினு போ” என்றார்.

மன்னித்துவிட்டாரா? தெரியாது. ஊகத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன்.