வெள்ளைச் சுண்ணாம்பு

செங்கடல் கரையிலுள்ள தஹாபில் ஃபராஜிடம் கன்னத்தில் அறை வாங்காத முக்குளிப்பவர்கள் குறைவு. சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிறவனுக்கு இத்தனை ஆத்திரம் எதற்கு என்று புதிதாய் வந்தவர்கள் கேட்பார்கள். காரணம் தெரிந்தவன் அவன் மனைவியின் தம்பி ஹம்தான் ஒருவன்தான்.

அது நடந்த அன்றைக்கு வேலை அற்பமானது. முப்பது மீட்டர் ஆழத்தில் யாரோ தவறவிட்ட கேமராவை எடுத்துவர வேண்டும், கால் மணி நேரம். சாதா சிலிண்டரே தாராளம். ஹம்தான் ரீபிரீதரைத்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தான். விட்ட மூச்சையே சுற்றவிடும் கருவி அது; மூச்சிலுள்ள கரியமில வாயுவை ஒரு டப்பா சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஆழத்தில் நெடுநேரம் கிடக்க அதைப் போல உயிர்காப்பான் கிடையாது. ஆனால் சிலிண்டர் கோளாறானால் கத்தி ஊரைக் கூட்டும். இது சத்தம் போடாமல் கழுத்தறுக்கும்.

இருபத்தெட்டு மீட்டரில் ஹம்தானுக்கு மூச்சு வெறிபிடித்தது போல இரைத்தது. சாதா சிலிண்டரோடு துணைக்கு இறங்கியிருந்த ஃபராஜ் தன் சிலிண்டரின் உபரி வாய்க்குழாயை நீட்டினான். வாயிலிருப்பதை ஒரு நொடிகூட எடுக்க முடியாத இரைப்பு; ஹம்தான் தன் குழாயையே கடித்துக்கொண்டு முழங்கையால் இடித்தான். ஃபராஜின் முகக்கண்ணாடி தெறித்தது. உப்புநீரில் கண் எரிய, தடவித் தடவி ஹம்தானின் தாடையைப் பிடித்து, குரல்வளையில் கட்டைவிரலை அழுத்தினான். வாய் பிளந்தது. குழாயைத் திணித்தபோது அந்தப் பற்கள் இரண்டு விரலை எலும்புவரை கடித்தன. ஃபராஜ் விடவில்லை, அப்படியே மேலே இழுத்து வந்தான்.

கரையில் ஹம்தான் வாந்தியெடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, ரத்தம் சொட்டும் கையாலேயே அடித்தான். மூக்கு உடைந்தது.

"ஏன்டா, நேத்து மூணு மணி நேரம் ஓட்டின சுண்ணாம்பையா திரும்பப் போட்ட?"

"டப்பாவைத் திறந்து காட்டினேனே மச்சான். வெள்ளையாத்தான் இருக்கு, போட்டுக்கோன்னு நீதானே சொன்ன."

தீர்ந்த சுண்ணாம்பு ஊதாவாகும்; ஒரு ராத்திரி கிடந்தால் மறுபடி வெளுத்துவிடும். பன்னிரண்டு வருஷமாய் அதைத் தொட்ட ஃபராஜுக்குத் தெரியாததல்ல. காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு பார்வை பார்த்திருந்தான், அவ்வளவுதான். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

இப்போது யார் ரீபிரீதர் கேட்டாலும் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பான். தேவையில்லை என்று பட்டால் சிலிண்டரைத் தூக்கி எதிரே போடுவான். தீர்ந்த சுண்ணாம்பு மறுபடி வெளுத்து ஏமாற்றக் கூடாதென்று அதில் அன்றன்றே கறுப்பு டீயைக் கொட்டிவிடுவான். வெள்ளையாத்தானே இருக்கு என்று எவனாவது சொன்னால் கன்னம் பழுத்துவிடும்.

அந்த அறையெல்லாம் யாருக்கு விழ வேண்டியது என்று ஹம்தானுக்குத் தெரியும். அக்காளிடம்கூட அவன் சொன்னதில்லை.